பட்டாணித் தெருவில் சாம்பல்

தார்த்து ஊரில் எங்கள் பேட்டைக்குச் சூப்நகர் என்று பெயர்.
உருளைக்கிழங்குத் தெரு, அவரைத் தெரு,
நான் இருப்பது பட்டாணித் தெரு.
பெயரைக் கேட்டு
காய்கறி கொழிக்கும் இடமென்று எண்ணிவிடாதீர்கள்.
மார்ச் பாதி ஆகிவிட்டது,
தரை இன்னும் கண்ணில் படவில்லை.

ஜன்னல் விளிம்பில் பதினேழு பால் டப்பாக்களில் தக்காளி.
பிப்ரவரியிலேயே விதைத்துவிட்டேன்.
பொறுமையில்லாதவள் என்று அக்கம்பக்கம் அறியும்.
வெளிச்சம் போதாமல்
கழுத்தை மட்டும் நீட்டி வளர்ந்திருக்கின்றன,
பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்
சாலை வளைவை எட்டிப் பார்ப்பதுபோல.
தினமும் டப்பாவைத் திருப்பி வைக்கிறேன்.
சாயங்காலத்துக்குள் மறுபடி கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடுகின்றன.

இரவு முழுக்கப் பணிமனையில் பேருந்து கழுவுகிறேன்.
ஜனவரியில் இருட்டில் போய் இருட்டில் வருவேன்.
இன்று திரும்புகையில்
வேலியின் ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாகத் தெரிந்தது.
அவ்வளவுதான் வசந்தம், இதுவரைக்கும்.

மாடியில் கௌபோ.
பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவன்.
மெல்லிய விரல், அகலமான மண்வாரி.
நவம்பரிலிருந்து நடைபாதைப் பனியையெல்லாம் வாரி
என் பாத்திமேல் கொட்டினான்.
எனக்கு இரண்டு பாத்திகள்.
ஆற்றைப் பார்த்து ஒன்று, சுவரோரம் ஒன்று.
சுவரோரத்தில் இடுப்பளவு மலை எழும்பிவிட்டது.
"கீழே பூண்டு நட்டிருக்கிறேன்" என்றேன்.
"பனியை வேறெங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?" என்றான்.
அதற்குப் பிறகு
படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தே வணக்கம் சொன்னோம்.

அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளி
காலைதோறும் அந்த மலைமேல் தூவினேன்.
கறுத்த இடத்தில் வெயில் ஒட்டிக்கொள்ளும்,
வெள்ளையில் வழுக்கிப் போய்விடும்.
இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.
இரவில் புதுப்பனி விழுந்து
என் கணக்கை அழித்துவிடும்.
மறுபடி சாம்பல்.
மறுபடி வெள்ளை.
நடுவே வெட்டிப் பார்த்திருந்தால்
அடுக்கடுக்காய் என் கோபம் தெரிந்திருக்கும்,
இடையிடையே வானம் அதைக் கண்டுகொள்ளாததும்.

கொடியில் காய்ந்த அவன் படுக்கை விரிப்பில்
சாம்பல் பறந்து படிந்ததாம்.
வாயைத் திறக்கவில்லை.
என் கதவுக்கு நேரே நின்று உதறினான்.

ஏப்ரலில் கூரையெல்லாம் சொட்டத் தொடங்கியது.
கௌபோ வாசலில் தலையைச் சாய்த்து நின்றான்,
எந்தச் சொட்டு எந்தச் சுரம் என்று பார்த்தானோ என்னவோ.

ஆற்றுப் பக்கத்துப் பாத்தி முதலில் திறந்தது.
விரலை விட்டேன்.
பிப்ரவரியில் இரண்டு நாள் மழை,
உடனே எலும்பைக் கடிக்கும் குளிர்.
மூடியிருந்த கொஞ்சம் பனியும் கரைந்துபோய்
மண் பனிக்கட்டியாய் இறுகியிருக்க வேண்டும்.
பூண்டுப் பற்கள் வெந்த வெங்காயமாய்க் கொழகொழத்தன.
நாற்பத்து மூன்று.
எண்ணியிருக்க வேண்டாம்தான், எண்ணினேன்.

சுவரோர மலை
ஒரு கிழட்டு நாய் படுத்திருப்பதுபோல்
அழுக்காய்ச் சுருங்கிக்கொண்டே வந்தது.
ஒரு காலை, அதன் விளிம்பில்
சாம்பல் சேற்றைக் குத்திக்கொண்டு
ஒரு முனை.
மறுநாள் ஒரு வரிசை.
பனிக்கடியிலேயே மஞ்சளாய்க் கிளம்பி
வெளியே வந்தபின் பச்சை பூசிக்கொண்டவை.
ஒன்றுகூடச் சாகவில்லை.

அவன் கொட்டியது போர்வை.
ஐந்து வாரம் விடாமல் அதை இழுத்துக்கொண்டிருந்தது
வாளியும் கையுமாய் நான்.

"மலை போய்விட்டது, இப்போது சந்தோஷமா, விர்வெ?"
படியில் நின்று கேட்டான்.
"சாம்பல் வேலை செய்தது" என்றேன்.
பொய்யுமில்லை.

பதினேழில் மூன்று டப்பாக்களை
அன்றைக்கே அவன் வாசலில் வைத்தேன்.
மாடியில் வெளிச்சம் அதிகம்,
வேறு காரணமில்லை.

வரும் அக்டோபரில்
பூண்டு முழுவதையும் சுவரோரமே நடுவதாக இருக்கிறேன்,
நடைபாதையிலிருந்து வாரி வீசினால்
எட்டுகிற தூரத்தில்.