யாருடைய முழங்கால்

தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால்
பொந்தேனிக்காரர்கள் வாயால் பதில் சொல்வதில்லை.
குனிந்து காலைத் தொடுகிறார்கள்.
சிலர் இடுப்பில் கை வைக்கிறார்கள்.
மாண்டாசி சுட்டுக்கொண்டிருந்த முவாஜாபு
கரண்டியைக் கழுத்துக்குக் குறுக்கே பிடித்தாள்,
எண்ணெய் சொட்டியது.

என் கைப்பேசியில் ஒரு கட்டம்.
அது எண்ணை மட்டும்தான் வாங்கும்,
கழுத்தை வாங்காது.
ஆகவே தரையிலிருந்து முழங்கால் வரை,
தரையிலிருந்து இடுப்பு வரை
நாடா பிடித்து அளந்துகொண்டே போகிறேன்,
யாரும் துணி கொடுக்காத தையற்காரி மாதிரி.

ஒரே சந்து. ஒருவருக்கு முழங்கால், அடுத்தவருக்குத் தொடை.
பொய்யில்லை.
ஷொமாரி ஆறடி.
அவர் வீட்டில் குடியிருப்பவள்
மேல் தாழ்ப்பாளுக்கு நாற்காலி போடுகிறவள்.

சுவர்களைக் கேட்கலாம் என்று பார்த்தேன்.
பெருநாளுக்கு எல்லாரும் வண்ணம் அடித்திருந்தார்கள்.
ஒரு வீட்டில் மட்டும்
புதுப் பச்சைக்கு அடியிலிருந்து
பழுப்பாக ஒரு கோடு வெளியே வந்துகொண்டிருந்தது,
கூட்டத்தில் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று
யோசிக்கிறவன் போல.

ஹிதாயா வீட்டில்தான் சிக்கல்.
“என் பையன் மார்பு வரைக்கும்” என்றாள்.
பையன் வந்து நின்றான். இத்ரிசா. மீசை அரும்பியிருந்தது.
நூற்றுப் பத்தொன்பது என்று எழுதப்போனேன்.
“ஐயோ, அப்போது அவன் இரண்டாம் வகுப்பு!”

வெள்ளம் நின்ற இடத்தில் நின்றுவிட்டது,
பிள்ளை வளர்ந்துவிட்டான்.

பெட்டியைக் கிளறி அவனுடைய பழைய சீருடையை எடுத்துவந்தாள்.
சிமெண்டுத் தரையில் செருப்பை வைத்தாள்,
காலுறை, அரைக்கால் சட்டை, மேல்சட்டை,
ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விட்டு.
ஒரு சிறுவன் படுத்திருந்தான்.
மேல்சட்டையில், மேலிருந்து இரண்டாம் பித்தான் வரை
எந்தச் சோப்புக்கும் போகாத சேற்று நிறம்.
இத்ரிசா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தொண்ணூற்றொன்று.

தலைக்கு மேல் போன வெள்ளம்
சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன
என்பது மேட்டில் நிற்கிறவன் பேச்சு.
படத்தில் சாணுக்கு ஒரு நீலம், முழத்துக்கு ஒரு நீலம்.
சாண் என்றால் தூணை உயர்த்திக் கட்டலாம்.
முழம் என்றால் அந்த இடம் நாணலுக்கு.

நகர அலுவலகம், நான்காம் மாடி.
லைமோவின் மேசையில் பேருந்துப் பணிமனை:
ஆற்று வளைவில் மண் கொட்டி நிரவிய
அழகான சதுரம்.
என் படத்தை அதன் மேல் விரித்தேன்.
சதுரம் முழுக்கக் கழுத்தளவு.
அங்கே நிரப்பினால் அந்தத் தண்ணீர்
எந்தச் சந்துக்குள் திரும்பும் என்பதையும் அம்புக்குறியாகப் போட்டிருந்தேன்.

“இதற்கெல்லாம் ஆதாரம்?”
“ஆயிரத்து நானூறு உடம்பு.”
அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“அப்படியானால் முந்நூறு பேருந்தை எங்கே நிறுத்துவேன்?”
நியாயமான கேள்வி. மேட்டு நிலம் யானை விலை.
பள்ளம் காலியாகத்தான் கிடக்கிறது,
ஆறும் அப்படித்தான் நினைத்திருந்தது.
வளைவைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.
பென்சிலால்.

படத்தின் இன்னொரு பிரதியை ஷொமாரி வீட்டுச் சுவரில் ஒட்டினோம்.
யாரும் வெள்ளத்தைப் பார்க்கவில்லை,
தங்கள் தகரக் கூரையைத் தேடினார்கள்.
முவாஜாபு தன் அடுப்பைக் கண்டுபிடித்த இடத்தில்
எண்ணெய் விரல் பதிந்துவிட்டது.
“அது வெள்ளமில்லை” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இத்ரிசா தன் நீலத்தைப் பார்த்துவிட்டு
இடுப்பு வாரில் கை வைத்தான்.
“இப்போது வந்தால் எனக்கு இவ்வளவுதான்.”

ஹிதாயா அந்தக் கையைப் பிடித்து
ஏற்றாமல் இறக்காமல்
அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி
அவன் தங்கைக்கு நேரே கொண்டுபோனாள்.

தலைக்கு மேல்
நான்கு விரல்.