இடைவேளைக்குள் தொண்ணூறு நொடி

போன வருடம் எண் சரிந்தது.
எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை.
வீட்டில் ஒருவருக்கு வந்த நோயைப்போல
அதை 'அது' என்றே குறிப்பிட்டார்கள்.

ஆகவே இந்த ஜூன் ஞாயிறு
நியூயார்க்கின் நாடக விருதுகளைத் தொகுத்து வழங்க
பிராக் ஹாலிடன் வந்தார்.
ஆறு படங்களில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தவர்.
ஏழாவதில் ஹெலிகாப்டர் இவரிடமிருந்து குதித்திருக்கும்,
நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.
மேடை அனுபவம் உண்டா என்று
சிவப்புக் கம்பளத்தில் ஒருத்தி மைக்கை நீட்டினாள்.
"பள்ளியில் மரமாக நின்றேன்."
சிரிப்பு.
வியாழக்கிழமை, வாய் நிறைய சாண்ட்விச்சோடு
எங்கள் ஆள் ஒருவன் எழுதிக் கொடுத்த சிரிப்பு.

நான் சொற்களை உருட்டுகிறவள்.
கேமராவின் முன் கண்ணாடியில்
வெள்ளை எழுத்துகள் மேலேறும்.
பேசுகிறவர் மூச்சு வாங்கினால் என் விரல் நிற்கும்.
அவர் தடுக்கி விழுந்தால் காலை நீட்டியது நான்.
பத்தொன்பது வருடம்.
என் பெயர் அந்தக் கண்ணாடியில் ஏறியதில்லை,
ஏறினால் அது கோளாறு.

விருது கொடுக்க வந்தவர்கள்:
சமையல் போட்டி நடுவர்,
சொந்த அத்தர் விற்கும் பாடகி,
நாடகத்தில் நிஜமாகவே நடிப்பவர் இருவர்,
அவர்களும் தொலைக்காட்சியில் போலீஸாக வந்ததால்.
அப்புறம் டெவாண்டே கிரிம்ஸ்,
ஆளை முட்டித் தள்ளுவதே தொழிலான விளையாட்டுக்காரன்.
அவனுக்காக
நாடகம் எழுதிய பெண்ணின் பெயரை உடைத்து வைத்தேன்:
இ - ஃபே - ஓ - லூ - வா.
பின்கட்டு நடையில் சுவரைப் பார்த்தபடி
பதினோரு முறை சொல்லிப் பார்த்தான், எண்ணினேன்.
மேடையில் என் கண்ணாடி பக்கம் திரும்பவேயில்லை.
ஏழாவது வரிசையில் அவள் அப்பா எழுந்து நின்றார்,
விருதுக்கு அல்ல, பெயருக்கு.
விருது வேறு யாருக்கோ போனது.

ஒளியமைப்புக்கு இடம்
கார் விளம்பரத்துக்கும்
நெஞ்செரிச்சல் மாத்திரைக்கும் நடுவில்.
வீடுகளில் மாத்திரை ஓடிக்கொண்டிருக்க
இங்கே வாடகைக் கோட்டுகளில் சிலர்
உப்புக்குச் சப்பாணிகளாக ஓடிவந்து
கழிப்பறைக்குப் போன பெரிய பெயர்களின்
நாற்காலிகளை நிரப்பினார்கள்.
ஒட்டிலி வாண்டர்வீர் மேடையேறினாள்.
வயது அறுபத்தொன்று. பட்டு கவுன்.
பழக்கதோஷத்தில் இடுப்பில் ஒரு டார்ச்.

அவளுக்கென்று என்னிடம் சொற்கள் இல்லை.
இடைவேளையில் கண்ணாடி வெறும் கறுப்பு,
எண்கள் மட்டும்.
அறுபத்திரண்டு. அறுபத்தொன்று.
"நன்றி" என்றாள்.
பிறகு அண்ணாந்தாள்,
கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பவள்போல.

"ஹாலிடன், நீங்கள்
இரண்டு மணி நேரமாக இருட்டில் நிற்கிறீர்கள்."

பக்கவாட்டில் அவருடைய ஆட்கள் விறைத்தார்கள்.
பதில் எழுதியிருக்கிறதா என்று
அவர் என் கண்ணாடியைப் பார்த்தார்.
நாற்பது. முப்பத்தொன்பது.
"எங்கே நிற்கணும்?"
அந்தக் குரல் அவர் படம் எதிலும் இல்லை.

"இடப்பக்கம் ஓர் எட்டு. இன்னும் அரை.
முகவாயைத் தூக்காதீர்கள், நீங்கள் சிலை இல்லை.
கண்ணை மூடுங்கள்.
இமையில் சூடு தெரிகிறதா?"
"தெரிகிறது."
"அங்கேதான்.
உங்களுக்காகப் போட்டது என்று நினைக்க வேண்டாம்.
யார் வந்து நின்றாலும் அது அங்கே இருக்கும்."

விருதைத் தரையிலேயே வைத்துவிட்டு இறங்கிப்போனாள்.
யாரோ பின்னால் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.
ஐந்து. நான்கு.
பிராக் ஹாலிடன் கண்மூடி
கிளை அசையாமல்
மரமாக நின்றார்.

செவ்வாய்க்கிழமை எண் வந்தது.
பூஜ்யம் புள்ளி இரண்டு ஏற்றம்.
அவருடைய பச்சை வெல்வெட் கோட்டு என்றார்கள்,
இல்லை, அந்த மரம் நகைச்சுவை என்றார்கள்.
அடுத்த வருடம் இன்னும் பெரிய ஆள் வேண்டுமாம்.
ஹெலிகாப்டரையே கேட்டுப் பார்க்கலாம்.

அவள் வென்ற செய்தி
இடைவேளை முடிந்ததும் திரையின் அடியில்
இரண்டு நொடி ஓடியது.
தட்டச்சு செய்தது நான்தான்.
பெயரில் ஒரு 'ட்' விட்டுப்போனது.
இதுவரை யாரும் கேட்கவில்லை.