செத்துப் பிழைத்தல்

என் கணவர் முதன்முதலில் இறந்தபோது
எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வாரம்.
க்ளென்டேல் வாடகை வீட்டில்,
யாரோ தந்த பழைய டிவியில்
அவர் அக்கா ஷுஷானும் நானும் பார்த்தோம்.
வங்கிக் கொள்ளை. வரிசையில் மூன்றாவது ஆள் மிஹ்ரான்.
குண்டு பட்டதும் உடனே விழவில்லை.
கையிலிருந்த காசோலையைச்
சட்டைப்பையில் பத்திரப்படுத்தப் பார்த்தார்.
பிறகுதான் முழங்கால் மடிந்தது.
ஷுஷான் தேம்பித் தேம்பி அழுதாள்,
உள்ளே அவர்
வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதே.

அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள்
செத்துத்தான் பிழைத்தோம்.
லிஃப்டில், நீதிமன்றப் படிக்கட்டில்,
ஒருமுறை திராட்சைத் தோட்டத்தில்
(முதுகெல்லாம் எறும்புக்கடி).
சாவு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி,
நனைந்தால் கொஞ்சம் கூடுதல்.
வசனம் கிடையாது, பெயரும் கிடையாது.
'பிணம் 3' என்று அச்சடித்து வந்த தாளை
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.

விழுந்து விழுந்து
கூடத்துக் கம்பளத்தைத் தேய்த்தார் மனிதர்.
'கடைசியா அவன் எதைப் பார்த்தான்னு தெரிஞ்சாத்தான்
கண்ணை எங்க நிறுத்தணும்னு தெரியும், அராக்ஸி.'
நாளெல்லாம் பேக்கரியில் கால் கடுக்க நின்று வந்தவள் நான்.
'செத்தது போதும், குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுங்க' என்பேன்.

பிறகொரு செவ்வாய்க்கிழமை
பர்பாங்கில் ஒரு வட்டக் கூண்டுக்குள் நிறுத்தினார்கள்.
சுற்றிலும் கேமராக்கள், தலைக்கு மேலும்.
ஓடு என்றார்கள், நின்ற இடத்திலேயே.
பயப்படு. இடப்பக்கம். இப்போது வலப்பக்கம்.
நாற்பது நிமிடம். ஒரு செக், ஒரு வாழைப்பழம்,
கையெழுத்துப் போட ஏழு பக்கம்.
படிச்சீங்களா என்றேன்.
'எழுத்து ரொம்பப் பொடி' என்றார்.

அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

போன சனிக்கிழமை அந்தப் படத்துக்குப் போனோம்.
முந்நூறு இருக்கை, எங்களோடு ஒன்பது பேர்.
வானத்தில் ஓட்டை விழுந்து
நீலமாக ஏதோ கொட்டுகிறது.
போன வருடமும் இதே ஓட்டைதான்.
அன்று அடைத்தவர்களின் பிள்ளைகள்
இன்று அடைக்க வருகிறார்கள்.
நாயகி ஓடிக்கொண்டே 'நான் ஓடுகிறேன்' என்கிறாள்;
நாளை வீட்டில்
கைபேசியிலிருந்து தலை நிமிராதவர்களுக்கும் புரிய வேண்டுமாம்.
கோபுரம் சாயும்போது நாயகன் ஒரு ஜோக் அடித்தான்.
யாரும் சிரிக்கவில்லை.
அவனும் காத்திருக்கவில்லை.

அப்போதுதான் கூட்டத்தில் மிஹ்ரானைப் பார்த்தேன்.
முழங்கையால் இடித்தேன்: 'அதோ!'
பாலத்தின் மேல் ஓடுகிறார்.
பக்கத்தில், அதே பழுப்புச் சட்டையில், இன்னொரு மிஹ்ரான்.
பஸ்ஸுக்குப் பின்னால் ஒருவர், தாடி மட்டும் புதுசு.
ரொட்டி எண்ணிப் பழகிய கண், எண்ணத் தொடங்கியது.
பதினேழு வரை வந்தேன்.
பாலம் உடைந்தது.
பதினேழு பேரும் ஒரே நொடியில், ஒரே மாதிரி
வாயைப் பிளந்துகொண்டு விழுந்தார்கள்.
ஒருவர் கையும் எதையும் பத்திரப்படுத்தவில்லை.
ஒருவர் கண்ணும் எதன்மீதும் நிற்கவில்லை.
பதினேழு முறை விதவையானேன்,
ஒருமுறை மூச்சிழுக்கக்கூட அவகாசமில்லை.
அதற்குள் அடுத்த கோபுரம்.

இருட்டில் அவர் பக்கம் திரும்பினேன்.
பாப்கார்ன் மென்றுகொண்டிருந்தார், மெதுவாக.
'வலது காலைப் பார்த்தியா?
தண்ணிக்குள்ள விழறவன்
காலை அப்படி வெச்சுக்க மாட்டான்.'

பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.
சமையல்காரர்கள், வக்கீல்கள்,
படம் எடுக்கும்போது பிறந்த குழந்தைகள்.
துடைப்பத்தோடு ஒரு பையன் வந்து நின்றான்.

வண்டி நிறுத்துமிடம், மூன்றாம் தளம்.
கதவருகே போனவர் சட்டென்று நின்றார்.
அறுபத்தொரு வயது, சர்க்கரை வேறு.
என்னைப் பார்த்தார்.
கார் சாவியை என் பக்கம் நீட்டப் பார்த்தார்,
அது பாதி தூரம்தான் வந்தது.
பிறகு முழங்கால் மடிந்தது.
எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டில்
கண்ணை என் முகத்திலேயே நிறுத்திக்கொண்டு கிடந்தார்.

நடிப்பென்று தெரியும்.
'எழுந்திருங்க, பார்க்கிங் டிக்கெட் நேரம் முடியப்போகுது' என்றேன்.
குரல் சரியாக வரவில்லை.