ஒன்பதாம் எண்

கடைசிப் பன்னிரண்டு வரிசைகளையும்
கடல் ஓர் இரவில் வந்து பார்த்துவிட்டுப் போனது.
விடிந்தபோது இலையெல்லாம் வெள்ளை.
ஒன்றைக் கிள்ளி நக்கிப் பார்த்தான் என் அண்ணன் வின்கோ.
துப்பவில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
அந்த மண் நினைத்துக்கொண்டே கிடந்தது,
மூன்று மழைக்காலம் கழுவிய பிறகும்.

செத்த கொடிகளை வெட்டி அடுக்கினோம்.
வேரைப் பிடுங்க எந்திரக்காரர் கேட்ட வாடகை
எங்கள் வாயில் நுழையவில்லை;
வேர் அப்படியே கிடக்கட்டும் என்றேன்.
கணக்கு எழுதுகிறவள் நான்.
அந்தச் சிக்கனத்துக்கு மட்டும் பொறுப்பேற்கிறேன்.

"உப்புக்குச் சாகாததை நடுவோம்"
என்றாள் அவன் மகள் யெலிட்சா.
சிரித்தோம்.
அடுத்த மாதமே ரங்கிமாரியின் லாரி
சேற்றில் புதைந்து, ஏறி, மறுபடி புதைந்து
எங்கள் வடக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது.
கல்லில் இரண்டு திமிங்கில முதுகு,
செம்புக் கம்பியில் ஒரு காற்று,
இரும்பில் ஒருத்தி. இப்படிப் பதினாறு.
விற்றால் எங்களுக்கு நூற்றுக்கு முப்பது.
சுற்றிப் பார்க்கப் பெரியவர்களுக்குப் பத்து டாலர்,
ஆடுகளுக்கு இலவசம்.
ஆடுகள் அதை வீணாக்கவில்லை:
நான்காம் எண்ணில் முதுகு சொறிந்து சொறிந்து
பளபளப்பு ஏற்றிவிட்டன.
ரங்கிமாரி வந்து பார்த்தாள்,
விலையை இருநூறு கூட்டினாள்.

துருவைப் பற்றி மட்டும் வின்கோவோடு
இன்றுவரை ஒத்துவரவில்லை எனக்கு.
கொட்டகையில் கலப்பையைப் பிடித்தால் நோயாம்.
நூறடி தள்ளிப் பிடித்தால்
அதற்கு நிறம் என்று பெயராம்.

அக்டோபரில், எங்கள் பக்கத்து வசந்தத்தில்,
ஒன்பதாம் எண்ணின் காலடியில் ஒரு தளிர்.
ஒட்டுக்கட்டிய மேல்கொடி மாண்டபின்
அடிவேர் தன் சொந்த இலையோடு வந்திருந்தது.
"காட்டுச் சாதி. ஒரு கோப்பைக்கு உதவாது"
என்றான் வின்கோ. கத்தரி இடுப்பில்தான் இருந்தது.
கை அங்கே போகவில்லை.

ஒன்பதாம் எண், குனிந்து எதையோ தேடுகிற பெண்.
கிறிஸ்துமஸுக்குள் கொடி அவள் கணுக்காலைச் சுற்றியது;
பொஹுட்டுகாவா மரங்கள் சிவப்பை உதிர்த்து முடித்தபோது
முழங்காலை.
தேடியது கிடைத்தும் நிமிரத் தோன்றாதவள்போல்
நின்றாள்.

அவளைத்தான் வாங்கினார்கள்,
வெலிங்டனில் பல் மருத்துவர்கள், கணவனும் மனைவியும்.
கிரேன் அறுவடை நாளில் வந்தது.
வேறு எந்த நாளில் வரும்?
மேல் சரிவில் வாளியும் கையுமாக இருபது பேர்,
வலையை விலக்கியதும் டூயிப் பறவைகள்.
கீழே ரங்கிமாரி மண்டியிட்டு
ஒவ்வொரு சுருளாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்,
மணிக்கூலி வாங்கும் கிரேன்காரர்
அவசரமில்லாமல் புகைத்தார்.
பிறகு அந்தப் பெண் எழுந்தாள்,
குனிந்தபடியே, வானத்தில்,
எங்கள் கூரைக்கு மேலே எதையோ தேடிக்கொண்டு.

இரவு கணக்கில் எழுதினேன்:
முப்பது சதவீதம். புதிய பம்பு.
மீதிக்கு வலை.

கொடி விழவில்லை.
இல்லாத முழங்காலின் வளைவை
இறுகப் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றது.
தேரை நிறுத்திவிட்டு நடந்து போக
வின்கோ அரசன் இல்லை;
அவன் டிராக்டர் கடனில் ஓடுகிறது.
வேலிக்கம்பு ஒன்று எடுத்தான்,
பழச்சாறு காயாத கையால் நான்கு அடி.
கேட்டால் பழக்கம் என்பான்.
நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள்
எட்டிலிருந்து பத்துக்குப் போகும் வழியில்
அங்கே நின்றுவிடுகிறார்கள்.
வைக்கோல் தொப்பி அணிந்த ஓர் அம்மாள்
வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.
"இதற்கு மட்டும் எண் இல்லையே. யார் செய்தது?"
கடலைப் பார்த்தேன்.
அது எதையும் ஒப்புக்கொள்கிற முகத்தில் இல்லை.
யோசித்துச் சொல்கிறேன் என்று
அவருக்கு மீதிச் சில்லறை எடுக்க
உள்ளே போனேன்.