இலை நோட்டு

டிசம்பர் முப்பத்தொன்று, இரவு எட்டரை.
கொலக்கம்பையில் கரன்ட் இல்லை.
பதினொன்றுக்கு ஆராதனை.
அதற்குள் இந்தக் காணிக்கைக் கவரை நிரப்ப வேண்டும்:
பெயர், தொகை,
ஸ்தோத்திரத்துக்கான காரணம் என்று
அச்சடித்த இரண்டே கோடு.

ஆண்டவரே,
எனக்கு வருஷம் ஞாபகத்தில் நிற்பதில்லை,
இலை நோட்டில்தான் நிற்கிறது.
பேக்டரி கொடுத்த நீல அட்டை,
நாற்பத்தேழாம் நம்பர்,
நாளுக்கு ஒரு வரி, கிலோவில்.
மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பிடித்துப் புரட்டுகிறேன்.

ஜனவரி: நாலு கிலோ, மூன்று, கோடு, கோடு.
உறைபனி விழுந்த மாதம்.
விடிந்து பார்த்தால் பள்ளத்துச் செடியெல்லாம்
இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த சேலை.
அன்றைக்கு உம்மை என்னவெல்லாம் கேட்டேன்.
அது நோட்டில் இல்லை,
உமக்குத் தெரியும்.

ஏப்ரல்: இலை இருந்தது, விலை இல்லை.
கிலோ பதினாலு ரூபாய்.
பசு செத்ததும் அந்த மாதம்தான்.
பசுவைப் பற்றி நமக்குள் பேச்சு இன்னும் முடியவில்லை;
இன்றிரவு எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூன்: முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்து நாலு.
ஈர இலை என்று கழித்தது போக.
கெசியாவின் ஹாஸ்டல் பீஸ்
இந்த மூன்று வரிக்குள் மடித்து வைத்திருக்கிறது.

பிறகு ஆகஸ்ட்.
சில்வர் ஓக்கில் கிளை கழிக்க ஏறிய தவசீலன்
பாசியில் வழுக்கி, பாறைமேல்.
பர்லியார் வளைவில் மண் சரிந்து
மூன்று மணி நேரம் நின்றது ஆம்புலன்ஸ்.
ஜேசிபிக்காரர் இறங்கி வந்து
பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.
கசந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

கோயம்புத்தூரில் இருபத்து மூன்று நாள்.
கட்டிலுக்கடியில் பாய்,
தலைமாட்டில் பில்.
அங்கே நான் செய்த ஜெபமெல்லாம்
இன்னைக்கு
என்கிற ஒரே சொல்.

அந்த இருபத்து மூன்று வரியும்
கோடாகத்தானே இருக்க வேண்டும்?
விரலை வைத்துப் பார்க்கிறேன்.
பதினெட்டு.
பதினாறரை.
இருபத்தொன்று.
ஞாயிறு, கோடு.
பத்தொன்பது.

மெழுகு விரலில் சொட்டியது.

செப்டம்பரில் கணக்கில் ஏறிய பணத்தை
பேக்டரி கொடுத்த முன்பணம் என்று நினைத்தேன்.
எப்போது பிடிப்பார்களோ, எப்போது பிடிப்பார்களோ என்று
பயந்து பயந்து செலவழித்தேன்,
அரிசியும் மாத்திரையுமாக.
கடன் என்று நினைத்து உண்ட எத்தனை நாள்
இப்படி உம்முடையதோ.

எடை போடும் போஜனுக்குப் போன் செய்தேன்.
"அதுவா? மாதியக்கா.
அவங்க தோட்டத்தை முடிச்சுட்டு
மூணு மணிக்கு மேல உன் தோட்டத்துல இறங்குவாங்க.
நாப்பத்தேழுல போடு, அவகிட்ட சொல்லாதேன்னாங்க.
நீ கேட்டதால சொல்றேன்."

மாதி.
இந்த வாரம் ஹெத்தை ஹப்பாவுக்கு
வெள்ளை உடுத்திப் போய் வருகிறவள்.
எல்லைக் கல்லை அரை அடி நகர்த்திவிட்டாய் என்று
போன வருஷம் நான் ரோட்டில் நின்று
கத்தினேனே, அவள்.
மழையில், கூடை நெற்றியில் இழுக்க,
என் செடியில் அவள் கை.
நான் உம்மைத் தேடியதோ
ஆஸ்பத்திரிக் கூரையில்.

கோல் ஊன்றும் சத்தம். தவசீலன் கிளம்பிவிட்டார்.
இனி நொண்டல் போகாது என்று டாக்டர் சொன்னார்;
நடப்பார் என்றும் சொன்னார்.
இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்.

இருநூறு ரூபாயை உள்ளே வைத்து
காரணம் என்ற கோட்டில் எழுதினேன்:
ஆகஸ்ட், நாற்பத்தேழாம் நம்பர்.
போதகர் பாட்டு நம்பர் என்று நினைப்பார்.
நினைக்கட்டும்.

நாளைக்குப் புது நோட்டு கொடுப்பார்கள்.
முதல் எடையை மாதி நம்பரில் போடச் சொல்ல வேண்டும்.
பதினோரு வருஷமாகப் பக்கத்துத் தோட்டம்.
அவள் நம்பர்
எனக்குத் தெரியவில்லை.