படகுக்காரனின் பேர்

இரவு எட்டரை. கோண்டாவில்.
ரியூசன் கொட்டில் மேசையை வீட்டுக்குள் இழுத்து
மடிக்கணினிக்குக் கீழே மூன்று பௌதிகவியல் புத்தகம் அடுக்கி
முகத்தை உயர்த்திக்கொண்டேன்.
"கேக்குதோ?"

நாலு சதுரம். நாலும் கறுப்பு.
ஸ்காபரோவில் ஞாயிறு காலை பதினொன்று, ஆரபி.
துரொன்ஹைமில் பின்னேரம் ஐந்து, மதுஷிகன்.
வவுனியாவில் வாகீசன், குருநகரில் றெஜினோல்ட்:
இருவருக்கும் என்னுடைய இரவுதான்,
என்னுடைய நுளம்புதான்.

ஆட்டத்தை நடத்துவது நான். உலகம் என் பொறுப்பு,
அதற்குள் என்ன செய்வது என்பது அவர்கள் பாடு.
முன்பெல்லாம் ஒரே மேசை.
எவன் பயந்துவிட்டான் என்பது
அவன் மிக்சர் கொறிக்கும் வேகத்தில் தெரியும்.
இங்கே ஒரு மௌனம் வந்தால்
யோசிக்கிறார்களா, லைன் போய்விட்டதா,
தேத்தண்ணி வைக்க எழும்பிவிட்டார்களா,
ஒன்றும் விளங்காது.

மூன்று கிழமையாய் வரைந்திருந்தேன்.
கடலுக்கடியில் கோட்டை. பதினேழு அறை.
கதவுக்கொரு பொறி.
ஏழாம் அறையில் உப்பாலான ஒரு பூதம்,
அழுதால் கரைந்துபோகும் என்று
அழாமலே இருப்பது.
கோட்டைக்குப் போக ஒரு படகு.
படகென்றால் ஓட்ட ஒருவன் வேண்டும்.
அவனுக்கு ஒரு வரிதான் எழுதியிருந்தேன்:
காசு வாங்குவான், இறக்கிவிடுவான்.

"அவற்ர பேர் என்ன?" என்றாள் ஆரபி.

சுவரைப் பார்த்தேன். அரிசி ஆலைக் கலண்டர்.
ஆலையின் பேரைப் பூச்சி தின்றுவிட்டது, ஊரின் பேர் மிச்சம்.
"ஏழாலையன்" என்றேன்.
குருநகரில் ஒரு சிரிப்பு வெடித்து, உடனே மைக் மூடிக்கொண்டது.
ஆரபி மட்டும் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தாள்.
"ஏ-ழா-லை-யன். உண்மையாவே வேற உலகத்துப் பேர் அக்கா."
சைக்கிளில் அரை மணித்தியாலம் என்று
நான் சொல்லவில்லை.

அதோடு கோட்டை போனது.
ஒருவரும் படகை விட்டு இறங்குவதாயில்லை.
ஏன் நொண்டுறார்? ஆருக்குக் கடன்?
படகுக்கு ஏன் பச்சைப் பெயின்ற்?
சொல்லாமல் விருந்தாளி வந்த வீட்டில் புட்டு அவிப்பதுபோல
பதில்களை அவித்து அவித்துக் கொட்டினேன்.

ஒன்பது ஐம்பதுக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி, பிறகு றவுட்டரின் சின்னக் கண்.
ஆரபியின் குரல் "அப்ப" என்பதில் நின்றது.
போனில் டேட்டா போட்டு, கடவுச்சொல் பிழைத்து,
மெழுகுதிரி தேடி, திரும்ப அடித்து,
பதினொரு நிமிசம்.
எல்லாரும் போயிருப்பார்கள் என்றுதான் நுழைந்தேன்.

ஏழாலையன் கதைத்துக்கொண்டிருந்தான்,
மதுஷிகனின் குரலில்.
மகள் ஒருத்தி இருந்தாளாம். கோட்டைக்குள் போனவளாம்.
பச்சை அவளுடைய நிறமாம்.
இறக்கிவிடும் ஒவ்வொருவரிடமும்
பச்சைச் சட்டையைக் கண்டால் வந்து சொல்லு என்று கேட்கத்தானாம்
இந்தத் தொழிலே.

"கேக்குதோ" என்று வாயெடுத்தவள்
மைக்கை மூடினேன்.
திரி வெளிச்சத்தில் வரைபடத்தை விரித்து
ஏழாம் அறைப் பூதத்துக்கு
ஒரு பச்சைச் சட்டை போட்டுவிட்டேன்.

பிறகு நான் வந்துவிட்டதாய்ச் சொன்னேன்.
"காத்து எழும்புது. பகடை போடுங்கோ."
மற்றவர்கள் திரையில் அழுத்த
றெஜினோல்டிடம் மட்டும் உண்மைக் கட்டை, இருபது முகம்.
சில்வர் கோப்பைக்குள் அவன் அதை உருட்டிய சத்தம்
இருட்டில் என் காதுக்குக் கிட்ட உருண்டு, தத்தி, நின்றது.
பதினெட்டு என்று சொல்லியிருக்கலாம்.
ஆர் பார்க்கப் போகிறார்கள்.

கன நேரம் பேச்சில்லை.
"ஒண்டு அக்கா" என்றான்.
"ஒண்டுதான் விழுந்திருக்கு."

சரி, என்றேன். படகு கவிழுது.
ஆர் ஆருக்கு நீந்தத் தெரியும்?