இடப்பக்கம் இரண்டு அங்குலம்

எஃப்.சி.க்கு இன்னும் ஆறு நாள்.
யஷ்வந்த்பூர் டிரக் டெர்மினலில்
மழைத்தண்ணீர் வடியாத மூலையில்
தொண்ணூற்றெட்டு மாடல் லாரியை நிறுத்திவிட்டு
நான் கேட்டது இவ்வளவுதான்:
பட்டைக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துக்கொடு.

நயாஸ் எழுந்திருக்கவில்லை.
குந்தியபடியே பம்பரைப் பார்த்து
"எவ்வளவு நாளா இப்படி?" என்றான்.
எப்படி?
"இடப்பக்கம் ரெண்டு அங்குலம்."
ரோடு சரிவு என்றேன்.
வெங்காயம் ஏற்றினவன்
ஒரு பக்கமாக அடுக்கிவிட்டான் என்றேன்.
வண்டி காலி என்பது
அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஜாக்கி ஏறியது. சேசிஸுக்கு அடியில் கட்டை.
யூ போல்ட் நட்டு நான்கும் அசைய மறுத்தன.
இரவு முழுக்க டீசல் குடிக்கவைத்ததில்
இரண்டு மனசு மாறின.
மற்றதை முனிராஜு கேஸால் அறுத்தான்.
சென்டர் போல்ட்டில் கை வைக்குமுன்
கிளாம்ப் போட்டு, கால் சுற்று, கால் சுற்றாக விட்டான்:
அடக்கிவைத்த வளைவு
சட்டென்று விட்டால் பல்லைப் பெயர்க்கும்.

பத்துப் பட்டையும் தரையில்,
உயர வரிசையில் பிரேயருக்கு நின்ற பிள்ளைகள் மாதிரி.
இடுக்கில் பொரிந்திருந்த துரு
வரமிளகாய்த் தூளாக உதிர்ந்தது.
ஒரு கருங்கல் சில்லு, எந்த ஊர் ரோட்டினுடையதோ.
நாலாவது பட்டை
நடு ஓட்டைக்கு நேராக
இரண்டாக இருந்தது.
"புது முறிவுன்னா மினுங்கும்.
இது கறுத்துப்போச்சு. ரெண்டு வருசம் இருக்கும்."
மேலும் கீழும் இருந்தவை இறுக்கிப் பிடித்ததில்
உடைந்ததும்
தினமும் வேலைக்கு வந்திருக்கிறது.

வயர் பிரஷ் மூன்று நாள்.
சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால்
நானும் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
துரு போன இடத்தில் சாம்பல் நிற இரும்பு,
ஓரத்தில் எவனோ உளியால் வெட்டிய ஏழு.
எதை எண்ணினானோ.
ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்தேன்,
நயாஸ் கையைத் தட்டிவிட்டான்.
"விளிம்புக்கு மட்டும்.
உரசுற முகத்துக்குப் பெயிண்ட் ஆகாது,
அங்கே கிராஃபைட் கிரீஸ்."
ஆபீசர் பார்க்கும் இடத்துக்கு ஒரு டப்பா பெயிண்ட்.
பார்க்காத இடத்துக்குப்
பதினோராயிரத்து எண்ணூறு.

சனிக்கிழமை துமகூரு ரோட்டில் எடுத்தேன்.
கொரகுண்டேபாள்யா தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது:
வண்டி வலப்பக்கம் சரிகிறது.
காற்று சரி, ஸ்டீரிங் சரி,
ஆனாலும் என்னைக் கதவோடு ஒட்டித் தள்ளியது.
யூ டர்ன் கிடைக்கும்வரை நயாஸையும்
அவன் வம்சத்தையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு
திரும்பி வந்தேன்.

அவன் டேப்பை நீட்டினான்.
இடமும் வலமும் ஒன்று.
டேப்பே பொய் என்றேன்.
டீக்கடைப் பையன் கொண்டுவந்த கிளாஸை வாங்கி
டாஷ்போர்டின் நடுவில் வைத்தான்.
டீ சமமாக நின்றது.
"இப்ப நீங்க உக்காருங்க."
உட்கார்ந்தேன்.
கீழே நின்ற முனிராஜு கன்னடத்தில் ஏதோ சொல்லி
வாயைப் பொத்திக்கொண்டான்.

கண்ணாடியில் என் தோள்.
வலது கீழே, இடது மேலே.
வண்டி அந்தப் பக்கம் போக
நான் இந்தப் பக்கம் போய்
இரண்டு பேருமாக நேராக ஓட்டியிருக்கிறோம்.
மச்சினன் கல்யாண போட்டோவைப் பார்த்து
ஏன் இப்படிச் சாஞ்சு நிக்கிறீங்க என்று
மேரிஷீலா கேட்டாள்.
போட்டோகிராபரைத் திட்டியவன் நான்.

"ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க.
பட்டை படிஞ்சு உக்காரும்,
யூ போல்ட்டை மறுபடி இறுக்கணும்."

எனக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கவில்லை.
ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தேன்,
கொஞ்சம் சட்டையில்,
வலப்பக்கம்.